பித்தளை ரேடியேட்டரும் சிங்கப்பூர் வெயிலும்: வாசகர் கேள்விகள்

1940க்கு முந்தைய கார்களைப் பற்றிப் போன இதழில் இரண்டு பத்தி எழுதியதுதான் தாமதம், எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் பற்றி மட்டுமே இத்தனை கேள்விகள். மற்ற கடிதங்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

ஐயா, நானும் மச்சானும் சேர்ந்து 1913 வாக்கில் செய்த நாலு சிலிண்டர் கார் ஒன்றை வாங்கியிருக்கிறோம். சுமார் 20 குதிரைத்திறன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ரேடியேட்டர் மட்டும் இல்லை. தண்ணீர் பம்ப் கிடையாது, சூடான தண்ணீர் தானாக ஏறிச் சுற்றும் வகை. எவ்வளவு பெரிய ரேடியேட்டர் செய்யச் சொல்வது? பட்டறைக்காரர் "பெருசா பண்ணிட்டா பிரச்சினை இல்ல" என்கிறார். — வாசகர், பாசிர் ரிஸ்

பட்டறைக்காரர் சொல்வது பாதி சரி. ஆனால் முகத்தின் அகலத்தையும் உயரத்தையும் உங்கள் பானெட் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது, அதைத் தாண்டினால் கார் பார்க்கச் சகிக்காது. கூட்ட முடிந்தது ஆழம் ஒன்றுதான். ஆழத்தைக் கூட்டக் கூட, முன்வரிசைக் குழாய்களைத் தொட்டுச் சூடேறிய காற்றுதான் பின்வரிசைக்குப் போய்ச் சேரும். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு வடை மிஞ்சாத கதைதான். அதோடு ஆழம் கூடினால் காற்று நுழைவதற்கே திணறும்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 20 குதிரைத்திறன் என்றால் 15 கிலோவாட். அந்தக் கால எஞ்சினில் பெட்ரோலின் வெப்பத்தில் கால் பங்கு வேலையாகத் தேறினால் அதிகம், மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போய்விடும். ஆகவே முழு வேகத்தில் ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டியது 20 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேல் தொட்டியில் நுழைந்து கீழே வருவதற்குள் 20 டிகிரி குறைகிறது என்றால் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் சுற்ற வேண்டும். காற்று உள்ளே போய் வெளியே வருவதற்குள் 25 டிகிரி சூடாகிறது என்றால் விநாடிக்கு 0.7 கன மீட்டர் காற்று வேண்டும். 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் முகத்தில் அது விநாடிக்கு 2.8 மீட்டர் வேகம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற காருக்கு எதிர்க்காற்று விநாடிக்கு 11 மீட்டர். அதில் கால் பங்கு உள்ளே நுழைந்தாலே போதும், நுழையும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? இரண்டு இடத்தில். முதலாவது, அந்தக் கார் பிறந்த ஊரில் 15 டிகிரி காற்று, இங்கே 32. மேல் தொட்டியில் தண்ணீர் 90 டிகிரி என்றால் அங்கே இடைவெளி 75, இங்கே 58. அதே ரேடியேட்டர் இங்கே கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவாகத்தான் வேலை செய்யும். இரண்டாவது, நீங்கள் இந்தக் காரை 40 கிலோமீட்டரில் ஓட்டப்போவதே இல்லை. ஆர்ச்சர்ட் சாலையில் ஊர்வலமாக நடை வேகத்தில் ஊர்ந்து போவீர்கள், போட்டோ எடுக்க நிறுத்துவீர்கள், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது எதிர்க்காற்று கிடையாது, உள்ளே வரும் காற்று முழுக்க ஃபேன் இழுப்பதுதான். அதனால் பணத்தையும் யோசனையையும் ஃபேனில் போடுங்கள். ஃபேனைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் கட்டி, அது கோரின் (குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதி) பின்முகம் முழுவதையும் தழுவும்படி செய்யுங்கள். வளையம் இல்லாத ஃபேன் தான் தள்ளிய காற்றையே ஓரமாகச் சுற்றி மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். பானெட்டுக்குள் வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். அடியில் எண்ணெய் சொட்டாமல் இருக்க முழு நீளத்துக்குத் தகடு அடித்துவிட்டு, ஏன் கொதிக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பம்ப் இல்லாத எஞ்சினுக்கு இன்னொரு கணக்கு உண்டு, அதைப் பட்டறைக்காரரிடம் அவசியம் காட்டுங்கள். 90 டிகிரியில் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 965 கிலோ, 70 டிகிரியில் 978. வித்தியாசம் 13 கிலோ. இந்த 13 கிலோதான் உங்கள் பம்ப். எஞ்சினில் தண்ணீர் சூடாகும் இடத்தின் நடுவுக்கும் ரேடியேட்டரின் நடுவுக்கும் 30 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் நாலே மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். அவ்வளவுதான்! இதை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 14 லிட்டரைச் சுற்ற வேண்டும் என்றால் வழியில் ஒரு தடங்கலும் கூடாது. ஹோஸ் பெரிதாக இருக்க வேண்டும் (ஃபோர்டு டி மாடலில் மேல் ஹோஸ் 2 அங்குலம்), வளைவு மெல்ல வளைய வேண்டும், எஞ்சினிலிருந்து ரேடியேட்டர் வரை மேல் ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு கூன் விழுந்தால் அங்கே நீராவி தங்கி வழியை அடைத்துவிடும். ரேடியேட்டரின் நடு, எஞ்சினின் நடுவை விட உயரமாக இருப்பது கட்டாயம். அழகுக்காக இரண்டு அங்குலம் தாழ்த்தி வைத்தால் அந்த நாலு மில்லிமீட்டரில் அப்படியே கைவைக்கிறீர்கள்.

தேன்கூடு ரேடியேட்டர்தான் அந்தக் காலத்து அசல் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் குழாயும் தகடும் வைத்தால் போதும் என்கிறார். எது சரி? — வாசகர், தோ பாயோ

இரண்டுமே அசல்தான், எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. தேன்கூட்டை உருவாக்கியவர் ஜெர்மன் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், 1900இல். அந்த ஆண்டு முடியும்போது வெளிவந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. அந்தக் குழாய்களுக்குள் போவது காற்று. தண்ணீர் குழாய்களுக்கு இடையில் உள்ள மெல்லிய சந்துகளில் இறங்கும். அதற்கு முன் 18 லிட்டர் சுமந்த இடத்தில் 9 லிட்டர் போதுமானதாயிற்று. அதற்கும் முந்தைய கதை இன்னும் வேடிக்கை: 1886இன் பென்ஸ் காரில் ரேடியேட்டரே கிடையாது, தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். 1888இல் அந்தக் காரைச் செய்தவரின் மனைவி பெர்த்தா பென்ஸ் மகன்களோடு ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் போனது அப்படித்தான்.

தேன்கூட்டைச் செய்வது பொறுமைக்கான வேலை. ஒவ்வொரு குழாயின் இரு முனைகளையும் விரித்து, சட்டத்துக்குள் அடுக்கி, முகத்தை மட்டும் உருகிய ஈயப்பற்றில் சில மில்லிமீட்டர் முக்கி எடுக்க வேண்டும். ஒரு குழாய் ஒழுகினால் அதைத் தேடிப் பிடிப்பது ஒரு பாடு. உள்ளே சுண்ணாம்பு படிந்தால் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்ய முடியாது. சந்து மெல்லியது என்பதால் பம்ப் இல்லாத எஞ்சினுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் காரில் முதலில் இருந்தது தேன்கூடுதான் என்று பழைய படம் காட்டினால் செய்யுங்கள், வெளிநாட்டில் இன்னும் செய்துதருபவர்கள் இருக்கிறார்கள், விலை கண்ணைக் கட்டும். படம் இல்லையென்றால் செங்குத்தான பித்தளைக் குழாய், குறுக்கே செம்புத் தகடு, அது போதும்.

அலுமினியக் கோர் போட்டு வெளியே பித்தளை உறை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? — வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தண்ணீருக்குத் தெரியும். அலுமினியம், பித்தளை, வார்ப்பிரும்பு மூன்றும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அரிப்பு முதலில் அலுமினியத்தைத்தான் பிடிக்கும். பித்தளைத் தொட்டியோடு அதைச் சாதாரண ஈயப்பற்றால் ஒட்டவும் முடியாது, ரப்பர் கேஸ்கெட் வைத்து இறுக்க வேண்டியிருக்கும். தேவையும் இல்லை. அலுமினியத்தை விடச் செம்பு வெப்பத்தை நன்றாகவே கடத்தும். அலுமினியத்தின் லாபம் எடை குறைவு, விலை குறைவு. நூறு வயதுக் காருக்கு இரண்டுமே கவலை இல்லை.

ரேடியேட்டர் தயார். சேஸியில் நாலு போல்ட் போட்டு இறுக்கமாக மாட்டிவிட்டோம். ஓட்டிய கொஞ்ச நாளிலேயே கீழ் மூலையில் பற்று விட்டு ஒழுகுகிறது. மறுபடி பற்றவைத்தோம், மறுபடி அதே இடம். பற்றவைப்பவர் சரியில்லையா? — வாசகர், யீஷூன்

அவரை விட்டுவிடுங்கள், குற்றவாளி அந்த நாலு போல்ட். அந்தக் காலத்துச் சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம், முறுக்கிக்கொள்ளும், முறுக்கிக்கொள்ளும்படிதான் செய்தார்கள். முன்சக்கரம் ஒன்று சாலையோர மேட்டில் ஏறினால் ஒரு பக்கச் சட்டம் மேலே போகும், மற்றது அங்கேயே நிற்கும். இறுக்கிக் கட்டிய ரேடியேட்டர் அப்போது சேஸிக்குக் குறுக்குச் சட்டமாகிவிடுகிறது. காரின் முறுக்கை எல்லாம் மெல்லிய பித்தளையும் 183 டிகிரியில் இளகத் தொடங்கும் ஈயப்பற்றும் தாங்க வேண்டியதாகிறது. கீழ் மூலைதான் முதலில் கிழியும்.

அந்தக் காலத்தில் இதற்குச் செய்த வழி மூன்று புள்ளித் தாங்கல். கீழே இரண்டு பாதம், மேலே ஒரு கம்பி. பாதங்கள் சட்டத்தின் மேல் நேரடியாக உட்காரக் கூடாது. அடியில் தோல் அட்டையோ ஸ்பிரிங்கோ இருக்கும். டி மாடலில் சின்ன ஸ்பிரிங் வைத்திருந்தார்கள், இன்னும் சிலர் முன்புறக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஒரே முளையில் ஆடும்படி உட்காரவைத்தார்கள். தோல் இங்கே வேண்டாம், நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து மொறமொறத்துப் போகும். 8 மில்லிமீட்டர் அளவில் நியோப்ரீன் ரப்பர் போடுங்கள். சாதாரண ரப்பரை எஞ்சின் எண்ணெய் தின்றுவிடும். போல்ட் துளையைப் போல்ட்டை விடப் பெரிதாகவே வையுங்கள், துளைக்குள் ஒரு ரப்பர் புஷ் வரட்டும், இல்லாவிட்டால் மேலே ரப்பர் வைத்தும் போல்ட் வழியாக முறுக்கு ஏறிவிடும். நட்டை ரப்பர் லேசாக அமுங்கும் அளவுக்கு மட்டும் திருகி, பிளவு முளையை (ஸ்ப்ளிட் பின்) குத்தி அங்கேயே நிறுத்துங்கள். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான், இறுக்கினால்தான் பத்திரம் என்று கைக்குப் பழக்கமாகிவிட்டது.

மேல் தொட்டியிலிருந்து பின்னால் டேஷ் பலகைக்குப் போகும் கம்பி, ரேடியேட்டர் முன்னும் பின்னும் சாயாமல் பிடிக்க மட்டும்தான். அதை இழுத்து டைட் பண்ணி முகத்தை நேராக்கப் பார்க்காதீர்கள். முகம் சாய்ந்திருந்தால் பாதத்தின் அடியில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள்.

பாதம் எதில் பிடித்திருக்கிறது என்றும் பாருங்கள். தண்ணீரோடு சேர்த்து 30 கிலோவை எட்டும் பொருள் இது. பாதங்கள் பக்கவாட்டுத் தகடுகளில் ரிவெட் அடித்து, அதன் மேல் பற்றும் வைத்திருக்க வேண்டும். மேல் தொட்டியின் எடை பக்கத் தகடுகள் வழியாகப் பாதத்துக்கு இறங்க வேண்டும், நடுவில் இருக்கும் கோர் எந்த எடையையும் சுமக்கக் கூடாது. பாதத்தைக் கீழ்த் தொட்டியில் வெறும் பற்றால் ஒட்டியிருந்தால் எந்த ரப்பரும் காப்பாற்றாது. தண்ணீர் வழியில் செம்புக் குழாயை நேராக எஞ்சினோடு இணைத்திருந்தால் அதையும் வெட்டி நடுவில் ரப்பர் ஹோஸ் போடுங்கள், அதுவும் ஒரு போல்ட் மாதிரிதான் வேலை செய்யும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பித்தளையில் கைவைப்பதற்கு முன் ஒட்டுப்பலகையில் அதே அளவில் ஒரு பொம்மை ரேடியேட்டர் செய்து காரில் மாட்டிப் பாருங்கள். பானெட் அதன் விளிம்பில் சரியாக உட்காருகிறதா, ஃபேனுக்கு ஓர் அங்குலமாவது இடம் இருக்கிறதா, ஸ்டார்ட்டிங் ஹேண்டில் கீழே தட்டாமல் சுற்றுகிறதா, முன் ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் அடிக்குமா எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பலகையை வெட்டி ஒட்டலாம், பித்தளையை அப்படிச் செய்ய முடியாது.

இப்போதைய கார் மாதிரி பிரஷர் மூடி போட்டால் கொதிநிலை கூடுமே? — வாசகர், சிராங்கூன்

கூடும். அரை பார் (வளிமண்டல அழுத்தத்தில் சுமார் பாதி) அழுத்தம் கூட்டினால் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் உங்கள் மேல் தொட்டியின் தட்டையான முன்முகம் 50க்கு 12 சென்டிமீட்டர் என்றால், அந்த அரை பார் அதை 300 கிலோ எடைக்குச் சமமாக வெளியே தள்ளும். வயிறு உப்பும், பிறகு பற்று விடும். பழைய ரேடியேட்டர் திறந்த பாத்திரமாகவே இருக்கட்டும். ஒழுகல் பார்ப்பதற்குக் கூட 0.2 பாருக்கு மேல் காற்று ஏற்றாதீர்கள்.

எத்தனை முறை நிரப்பினாலும் வழிகிற குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. — வாசகர், புக்கிட் பாத்தோக்

விளிம்பு வரை நிரப்பினால் கொட்டத்தான் செய்யும். 30 டிகிரியிலிருந்து 90 வரை தண்ணீர் 3 சதவீதம் பெருகும், 12 லிட்டரில் அது கால் லிட்டருக்கும் மேலே. தனக்கு வேண்டிய மட்டத்தை ரேடியேட்டரே தேடிக்கொள்ளும், அப்புறம் கொட்டாது. மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே மட்டும் இறங்க விடாதீர்கள், இறங்கினால் சுற்றோட்டம் அங்கேயே அறுந்துவிடும்.

மட்டம் நின்ற பிறகும் கொட்டினால் அது கொதிக்கிறது. அப்போது ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஸ்டீயரிங்கில் இருக்கும் தீப்பொறி நெம்புகோலை (தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுவது) பாருங்கள். ஸ்டார்ட் செய்யத் தாமதத்தில் வைத்ததை முன்னே தள்ள மறந்து அப்படியே ஓட்டுபவர்கள் ஏராளம். தீப்பொறி தாமதமானால் எரிவது வால்வு திறக்கும்வரை நீளும், அந்தச் சூடு எல்லாம் தண்ணீருக்குள் வந்து சேரும்.

இன்னொன்று, சூட்டை அளக்கப் புள்ளி வெளிச்சம் அடிக்கும் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் பித்தளையில் காட்டினால் அது பொய் சொல்லும். மேலேயும் கீழேயும் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள்.

கூலண்ட் ஊற்றலாமா, வெறும் தண்ணீரா? — வாசகர், செங்காங்

உறைபனி இல்லாத ஊரில் பாதிக்குப் பாதி கிளைக்கால் (தண்ணீர் உறையாமல் தடுக்கும் கூலண்ட் திரவம்) எதற்கு? வெப்பம் சுமப்பதில் அது தண்ணீரை விட மட்டம், பாகாகவும் இருக்கும், பம்ப் இல்லாத எஞ்சினுக்கு இரட்டை நஷ்டம். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் செம்பு, பித்தளை, ஈயப்பற்று மூன்றுக்கும் ஒத்துப்போகும் அரிப்புத் தடுப்பு மருந்து. அவ்வளவே.

காரை மலேசியாவுக்கு ஓட்டிக்கொண்டு கேமரன் மலை ஏற ஆசை. — வாசகர், உட்லண்ட்ஸ்

ஆசை நல்லதுதான். கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேலே, அங்கே தண்ணீர் 95 டிகிரி சுமாரில் கொதிக்கும். மேல் தொட்டி 90 என்றால் கையிருப்பு ஐந்தே டிகிரி, அதுவும் முழு பாரத்தோடு மெதுவாக ஏறும்போது. மலைக்காற்று குளிர்ச்சி என்பது கொஞ்சம் உதவும். தாப்பாவிலிருந்து ஏறும்போது அடிக்கடி நிறுத்துங்கள், பத்து லிட்டர் தண்ணீர் பின்னால் இருக்கட்டும். கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, வற்றிப்போன சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தால் அசல்தன்மை போய்விடுமா? — அதே பாசிர் ரிஸ் வாசகரின் மச்சான்

மச்சானுக்குத் தனிக் கடிதம்! வைக்கலாம் என்பேன், பெல்ட் ஃபேனை எடுக்காமல், கோருக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி. எஞ்சின் சுழற்சியிலேயே தீப்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ உள்ள காரில் பேட்டரியே இருக்காது, ஃபேனுக்கென்று ஒரு 12 வோல்ட் பேட்டரியை இருக்கைக்கு அடியில் வையுங்கள். கோர் வழியாகக் குத்தி மாட்டும் பிளாஸ்டிக் முள் மட்டும் வேண்டாம், அது அதிர்ந்து அதிர்ந்து குழாயைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். பக்கத் தகடுகளிலிருந்து ஒரு பட்டை கொடுத்து அதில் மாட்டுங்கள்.

அம்மா குத்துவிளக்குக்குப் போடுகிற புளியை ரேடியேட்டருக்கும் போடலாமா? — மாணவி, தெம்பனிஸ்

போடலாம் அம்மா, வெளி உறைக்கு மட்டும். புளியில் இருக்கும் அமிலம் களிம்பைக் கரைக்கும், ஆனால் கோரின் தகடுகளுக்குள் இறங்கித் தங்கினால் பற்றையும் தின்னும். தேய்த்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும். அதை விட முக்கியம், அமோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். அடித்து வளைத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அமோனியா பட்டால் அந்த இடம் தானாகக் கீறும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டா உறைகள் காரணமே தெரியாமல் விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. குதிரை லாயத்து அமோனியாதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. உறையைத் தட்டிச் செய்பவரிடம், வளைத்து முடித்ததும் ஒருமுறை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தை எடுத்துவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூருக்கு வந்த முதல் காரும் இப்படிக் கொதித்திருக்குமோ? — வாசகர், பீஷான்

1896இல் கட்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இறக்கிய பென்ஸ் அது. சார்ல்ஸ் பக்லி வைத்திருந்தார். அது போட்ட சத்தத்துக்கு ஊரார் வைத்த பெயர் காப்பி மெஷின். அந்தக் கால பென்ஸ் எஞ்சின்களில் தண்ணீர் கொதித்தே தீர வேண்டும், சூடு வெளியேற அதுதான் வழி. உங்கள் கார் கொதித்தால் பக்லியைச் சொல்லித் தப்பிக்க முடியாது.